‘விரிசல்’ என்ற சொல்லை எங்கே உடைப்பது?

கேள்வி: எங்கள் நாடகத்தின் பெயர் ‘விரிசல்’. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஏ2 அளவில் போஸ்டர் செய்கிறேன். எல்லா எழுத்திலும் கீறல் போட்டேன். பார்ப்பவர்கள், “என்ன எழுதியிருக்கு?” என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: நான்கு எழுத்திலும் கீறல் விழுந்தால் அது விரிசல் அல்ல, சிதைவு. நாடகத்தின் பெயர் ‘சிதைவு’ என்றிருந்தால் நீங்கள் செய்ததே சரி. விரிசல் கண்ணில் பட, அதைச் சுற்றி உடையாத பரப்பு வேண்டும். ஒரே இடத்தில் உடையுங்கள்.

எந்த இடம் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ‘விரி’க்கும் ‘சல்’லுக்கும் நடுவில். முதல் பாதி தனியாக நின்றாலும் ‘விரி’ என்று பொருள் தருகிறதே!

எழுத்துக்குள் கை வைக்காதீர்கள். க, ச, த மூன்றுக்கும் இடப்பக்க உடல் ஏறக்குறைய ஒன்றுதான்; வலப்பக்கம் சிதைந்தால் எது எதுவென்று தெரியாது. ‘ரி’யின் மேல்விலங்கு அறுந்தால் ‘ர’, நுனி சுருண்டால் ‘ரீ’. புள்ளி போனால் ‘விரிசல’. அதனால் எழுத்தை விட்டுவிட்டு, அது நிற்கும் பரப்பை உடைக்கலாம்: 360 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரத்தில் ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளை எழுத்து.

பாலூ தம்பி போல முனை உருண்ட எழுத்துரு இதற்கு ஆகாது. ரப்பர் மாதிரி வளையுமே தவிர உடையாது என்று தோன்றும். முக்த மலர் எக்ஸ்ட்ரா போல்டு பொருந்தும்.

சொல்லைத் தட்டச்சு செய்து ஒரு நகலை ஓரமாக வையுங்கள். வடிவமாக மாறிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. ஷிஃப்ட்+கன்ட்ரோல்+சி அழுத்தினால் எழுத்து வடிவமாகும், ஷிஃப்ட்+கன்ட்ரோல்+ஜி அழுத்தினால் தனித்தனியாகப் பிரியும். ‘ரி’க்கும் ‘ச’வுக்கும் இடையே 15 மி.மீ. விடுங்கள். அந்த இடைவெளியில் பேனா கருவியால் மேலிருந்து கீழாக ஐந்தாறு முனைகள் கொண்ட கோணல் கோடு ஒன்று வரையுங்கள். அது 8 மி.மீ. அகலத்துக்குள் அடங்கட்டும், இரு நுனியும் பட்டைக்கு வெளியே நீளட்டும். முனைகள் கூராக இருக்க வேண்டும். வளைவாகப் போனால் ஆறு மாதிரியோ வேர் மாதிரியோ ஆகிவிடும்.

கோட்டையும் பட்டையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஸ்லாஷ். பட்டை இரண்டாகும். வலத்துண்டையும் ‘சல்’லையும் குழுவாக்கி (கன்ட்ரோல்+ஜி), அதன்மேல் இரண்டாம் முறை சொடுக்கினால் சுழற்சி மையக் குறி வரும். அதை உடைப்பின் அடிநுனிக்கு இழுத்துவந்து, கடிகாரத் திசையில் 3 டிகிரி சுழற்றுங்கள். மேலே சுமார் 6 மி.மீ. திறந்து, கீழே மயிரிழையாக முடியும். ஒரே வெட்டில் பிரிந்த ஓரங்கள் என்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தும். கண் நம்புவது அதைத்தான். தனித்தனியாக வரைந்தால் அந்தப் பொருத்தம் வராது.

பிறகு 3 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள், போனில் சிறு படமாக வரும்போது ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். விரிசல் மறைந்தால் 4 டிகிரியாக்குங்கள்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஹெர்ப் லுபாலின் 1965-இல் ஒரு பத்திரிகைக்காகச் செய்த ‘மதர் அண்ட் சைல்ட்’ (தாயும் சேயும்) பெயர்ச் சின்னத்திலும் ஒரே செயல்தான்: ‘மதர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘ஓ’ எழுத்தின் வயிற்றுக்குள் ‘&’ குறி, அதற்குள் குழந்தை போல ‘சைல்ட்’ என்ற சொல்.

பின்னணியில் வெடித்த ஏரி மண் படம் ஏதும் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சொல் ஏற்கெனவே உடைந்துவிட்டது.