கிணற்றுத் தண்ணீர் மாற்றிய அன்றே ஒஸ்கார் மீன் சாவது ஏன்?

கேள்வி: "கிளிநொச்சியில் நாலடித் தொட்டியில் இரண்டு பெரிய ஒஸ்கார் வளர்க்கிறேன். ஒன்றிரண்டு மாதம் தண்ணீர் மாற்றாவிட்டாலும் நன்றாக நிற்கின்றன. பாதியை மாற்றினால் அன்றைக்கே மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, போனமுறை ஒன்று செத்துவிட்டது. பிஎச் குறைக்கும் மருந்து விட்டும் மறுநாள் ஏறிவிடுகிறது. கிணறுதான் பிழையா?"

கிணற்றில் பிழையில்லை. மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே நாளில் பாதியை மாற்றுவதுதான் பிழை. கிணற்றைக் குறைசொல்லி எத்தனையோ பேர் மீன் வளர்ப்பையே கைவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தொட்டி 4×2×2 அடி, மேலே மூன்று அங்குலம் விட்டு 400 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 40 வீதம் புரதமுள்ள தீன் நாளுக்கு 10 கிராம் போட்டால் சுமார் 0.37 கிராம் அமோனியா நைதரசன் தண்ணீருக்குள் வரும். அதாவது லீற்றருக்கு 0.9 மில்லிகிராம். பில்டரில் உள்ள பற்றீரியா அதை நைத்திரேற்றாக மாற்றும்போது, ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். கடைக்காரர் கேஎச் என்று சொல்வது இந்தக் காரத்தன்மையைத்தான், பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, விழாமல் தாங்கிப் பிடிப்பதும் இதுதான். ஆக நாளுக்கு லீற்றருக்கு ஆறரை மில்லிகிராம் போகிறது. கிணற்றில் 200 இருந்தாலும் ஒரு மாதத்தில் காலி.

காலியானதும் பிஎச் 6 வரை விழும். பற்றீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேரும். அந்த பிஎச்சில் அது பெரும்பாலும் அமோனியம் வடிவில் இருப்பதால் மீனுக்கு உடனே ஒன்றும் ஆகாது. நீங்கள் "நன்றாக நிற்கின்றன" என்று நினைக்கும் காலம் இதுதான். பிஎச் 8 உள்ள கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்கு ஊற்றியதும், 30 பாகையில் அதில் ஏழரை வீதம் நச்சு அமோனியாவாக மாறிவிடும். பிஎச் 6 இல் அது 0.1 வீதம்கூட இல்லை. பரிசோதனையில் அமோனியா லீற்றருக்கு 4 மில்லிகிராம் காட்டிய தொட்டி பாதியாகி 2 ஆனாலும், நச்சுப் பங்கு 0.003 இலிருந்து 0.15 ஆகிறது. செவுள் எரிந்துதான் மீன் மேலே வருகிறது.

இப்போது தொட்டி அந்த நிலையில் இருந்தால் அப்பச்சோடாவும் போடவேண்டாம், அதுவும் பிஎச்சைத் தூக்கி இதே வேலையைத்தான் செய்யும். நாலு நாள் தீன் நிறுத்துங்கள். நாளுக்கு 40 லீற்றர் மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அமோனியாவையும் பிஎச்சையும் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பில்டர் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கும்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு தரம் 100 லீற்றர். கிணற்றின் காரத்தன்மை 200 என்றால் தொட்டியில் அது 110க்கும் 130க்கும் இடையில் நிற்கும், அது காணும். கேஎச் அளக்கத் தாள் கீற்றை நம்பாமல் துளி மருந்து வாங்குங்கள். 5 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்க, நீலம் சட்டென்று மஞ்சளாகும் துளியில் நிறுத்தி எண்ண வேண்டும். ஒரு துளி ஒரு கேஎச் பாகை, அதாவது லீற்றருக்கு 18 மில்லிகிராம். ஐந்து துளிக்குக் கீழே வந்தால் 400 லீற்றருக்கு 34 கிராம் அப்பச்சோடா காரத்தன்மையை லீற்றருக்கு 50 மில்லிகிராம் கூட்டும். வாளியில் கரைத்து மூன்று நாளாகப் பிரித்து விடுங்கள்.

பிஎச் குறைக்கும் மருந்து அமிலம். காரத்தன்மையைக் காபனீரொட்சைட்டாக மாற்றி பிஎச்சை இறக்கும், அந்த வாயு வெளியேறியதும் பிஎச் திரும்ப ஏறும். உங்களுக்கு மிஞ்சுவது குறைந்துபோன காரத்தன்மை மட்டும்தான்.

குழாய்க்கிணறு என்றால் இறைத்த உடனே அளந்த பிஎச்சை நம்பக்கூடாது. நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டு கூடவும் ஒட்சிசன் குறைவாகவும் இருக்கும். 200 லீற்றர் நீலப் பரலில், நிழலில், காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்து அளவுங்கள். வெயிலில் நின்ற பரல் தண்ணீரை நேரே ஊற்றவும் வேண்டாம்.

கோடையில் ஆவியாகிக் குறைந்த அளவை மட்டும் நிரப்ப மழைநீர் அல்லது ஆர்ஓ (உப்பு நீக்கி வடித்த) தண்ணீர் நல்லது, ஏனென்றால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மாற்றுவதற்கு ஆர்ஓ மட்டும் பாவித்தால் காரத்தன்மையே இராது. மாரியில் கிணறு நிரம்பும்போது அதன் கேஎச்சும் இறங்கலாம், ஐப்பசி தொடக்கம் கிணற்றையும் வாரம் ஒருமுறை அளவுங்கள்.

"ஒஸ்கார் அமேசன் மீன், பிஎச் 6.5 தான் வேணும்" என்று கீழே எழுத வருவோருக்கு: ஆற்றில் அது சரி. கடைக்கு வருவது பண்ணையில் பிறந்தது, எட்டிலும் நன்றாக வாழும். டிஸ்கஸ் மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பவருக்கு வேறு கணக்கு, அதை நான் மறுக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். தொட்டிக்கு அடங்காத மீனைக் குளத்தில் விடாதீர்கள். தொட்டி துப்புரவாக்கும் என்று வாங்கிய சக்கர் மீன் முள்ளோடு வலையில் சிக்கினால் கிழிவது திலாப்பியா பிடித்துப் பிழைக்கிறவரின் வலை. அவருக்கு அந்த மீனால் ஒரு சதம் வருமானம் இல்லை.

கடைசியாக, கரண்ட் நின்றால் மூடிய பில்டருக்குள் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். நீண்ட நேரம் நின்றிருந்தால் கரண்ட் வந்த உடனே மோட்டரைப் போடவேண்டாம். மூடியைத் திறந்து, உள்ளே நிற்கும் நாற்றத் தண்ணீரை வெளியே கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருதரம் அலசிவிட்டுப் போடுங்கள்.