படித்தது ஏன் மறந்துபோகிறது?

நன்றாகப் புரிந்து படித்த பாடம்கூடச் சில நாட்களில் மறந்துவிடுகிறதே, நினைவாற்றலில் ஏதும் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கவலையோடு பல ஆண்டுகள் படித்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எல்லோருக்கும் மறக்கிறது, அதுவும் மிக விரைவாக. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். 20 நிமிடம் கழித்து ஏறத்தாழ 58 விழுக்காடு மிச்சமானது. ஒரு நாளில் அது 34 ஆகவும், ஒரு மாதத்தில் 21 ஆகவும் குறைந்தது. இழப்பின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஒரு மாதம் கழித்தும் மறுபடி கற்பது எளிதாக இருந்தது என்றால், மறந்ததாகத் தோன்றிய பாடத்தின் தடம் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது.

அப்படியானால் தேர்வறையில் அது ஏன் கைக்கு எட்டுவதில்லை? இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை வருவிக்கும் முறையை நான் ஒரு மாலையில் நான்கு முறை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. மறுநாள் குறிப்பேட்டை மூடிவைத்து வெற்றுத்தாளில் எழுதத் தொடங்கினேன். முதல் கெழுவால் வகுத்தேன், மாறிலியை வலப்பக்கம் கொண்டுபோனேன், அங்கேயே பேனா நின்றுவிட்டது. ஒருபடி உறுப்பின் கெழுவில் பாதியை வர்க்கப்படுத்தி இருபுறமும் கூட்ட வேண்டும் என்ற அந்த ஒரு படி வரவே இல்லை. குறிப்பேட்டைத் திறந்ததும், "இதுதானே!" என்று தோன்றியது. கண்டால் அடையாளம் தெரிவதும், காணாமலே நினைவிலிருந்து எடுப்பதும் வெவ்வேறு திறன்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது முதலாவதை மட்டுமே வளர்த்துக்கொண்டு, இரண்டாவதும் வந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

ரோடிகர், கார்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இதை நேராகவே காட்டியது. ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் வாசித்தவருக்குத் தெரிந்ததுபோல் இருப்பதும், அடுத்த வாரமே மறப்பதும் இதனால்தான்.

ஒன்றையொன்று ஒத்த பாடங்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை மறைக்கும் என்பதும், போதிய தூக்கம் இல்லாவிட்டால் படித்தது நிலைக்காது என்பதும் உண்மையே. ஆனால் பெரும்பாலோருக்கு முதலில் திருத்த வேண்டியது வாசிக்கும் பழக்கத்தைத்தான் என்பது என் கருத்து.

படித்த மறுநாள், பின் நான்கைந்து நாள் கழித்து, பின் இரண்டு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். தடுமாறும்போது உடனே திறந்துவிடாமல் ஓரிரு நிமிடம் முயன்ற பிறகே விடையைப் பாருங்கள். அந்தச் சூத்திரத்தை நான் இப்படி மூன்று முறை எழுதினேன். மூன்றாம் முறை பேனா எங்கும் நிற்கவில்லை.