கடை விலையில் சேராத செலவு

அன்புள்ள ஐயா,

இயற்கை முறையில், மண்ணைக் கெடுக்காமல் விளைந்த பொருளையே வாங்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் இடிக்கிறது. “இதெல்லாம் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு” என்கிறார் என் கணவர். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் கூடுதலாகக் கொடுக்கும் பணம் விவசாயிக்குத்தான் போகிறதா என்பதும் சந்தேகம். எங்கள் அலுவலகக் கேன்டீன் குழுவில் இருக்கிறேன். அங்கே இந்தப் பேச்சை எடுத்தாலே பட்ஜெட்டைக் காட்டி வாயை அடைத்துவிடுகிறார்கள். நாலு பேர் இப்படி வாங்குவதால் எதுவும் மாறுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே கண்டு சொன்னார். அது இன்றும் பொய்க்கவில்லை. உணவு விலையை ஏற்றித்தான் மண்ணைக் காப்பாற்ற முடியும் என்றால், முதலில் அடிபடுவது ஏழை வீடுதான். வயிற்றைக் கட்டி இதை வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது.

மற்ற பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மலிவாகக் கிடைக்கும் உணவின் செலவில் ஒரு பகுதி நம் கண்ணுக்குப் படாமல் வேறொரு பில்லில் வந்து சேர்கிறது. உலக அளவில் பார்த்தால், வயலில் உரமாகப் போடும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பாதியளவைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது, ஒரு பகுதி நைட்ரேட்டாக நீரில் இறங்குகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெ மாயின் நகரம் குடிப்பது ஆற்று நீரை. ஆற்றின் மேற்பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களிலிருந்து வரும் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க, அந்த நகரத்தின் குடிநீர் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தனி ஆலையே கட்டியது. இந்தச் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று 2015-இல் அந்த மேற்பகுதி வயல்களின் வடிகாலை நிர்வகிக்கும் அமைப்புகள் மீது வழக்கும் போட்டது. 2017-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆக, மலிவான சோளத்தின் மீதிப் பணத்தை அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர்க் கட்டணமாகக் கட்டுகிறார்கள்.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்கும் இதே கவலை வந்தது. அங்கே குடிநீர் நிறுவனம் கிட்டத்தட்ட அதே காலத்தில் வேறு வழியில் போனது. தண்ணீர் ஊறி வரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் விவசாயிகளைக் கூப்பிட்டு, இயற்கை விவசாயத்துக்கு மாறுங்கள், உங்கள் நிலத்தின் பரப்புக்கு ஏற்ப ஆண்டுதோறும் பணம் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் மாறின. நைட்ரேட்டைப் பிரிக்கும் ஆலை கட்டும் தேவையே அங்கே வரவில்லை.

இரண்டு ஊரும் பணம் கொடுத்தன. ஒன்று தண்ணீர் கெட்டபின் கொடுத்தது, மற்றது கெடுவதற்கு முன் விவசாயியின் கையில் கொடுத்தது. உங்கள் கணவரிடம் சொல்ல என்னிடம் இருக்கும் பதில் இதுதான். நல்ல விவசாயத்துக்கான பணம் பெரும்பாலும் ஏற்கெனவே நம் பையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

நான் ரசாயன உரத்தைச் சபிப்பவன் அல்ல. ஃப்ரிட்ஸ் ஹேபர் கண்டுபிடித்த முறையில் காற்றிலுள்ள தழைச்சத்தை உரத்துக்கான அம்மோனியாவாக மாற்றும் ஆலை ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-இல் ஓடத் தொடங்கியது. இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேர் சாப்பிடுவது அந்தத் தழைச்சத்தின் உதவியில் விளைந்ததை. அதை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021-இல் இலங்கையில் பார்த்தோம். உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் தடையை விலக்க வேண்டி வந்தது, ஆனாலும் அடுத்து வந்த அறுவடையில் நெல் மகசூல் பெருமளவு விழுந்துவிட்டது. மாறுவதற்கு வருடங்கள் வேண்டும். அந்த வருடங்களின் நஷ்டத்தைச் சுமக்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்த நஷ்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி, பருவப் பயிர் என்றால் விதைப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நிலத்தில் ரசாயனம் படக்கூடாது. அமெரிக்காவில் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் விவசாயி ரசாயனம் போடவும் முடியாது, விளைந்ததை இயற்கை விளைபொருள் என்று விற்கவும் முடியாது. குறைந்த மகசூல், அதே பழைய விலை, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு பருவம் மழை பொய்த்தால் பழைய முறைக்கே திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் கடையில் கூடுதலாகக் கொடுப்பது இந்த ஆளுக்குப் போவதே இல்லை. அவரிடம் இன்னும் இயற்கை விவசாயச் சான்றிதழ் இல்லையே! சான்றிதழ் வாங்கியவருக்கும் அதில் கொஞ்சம்தான் போகிறது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, அங்கே உணவுக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலரிலும் பண்ணைக்குச் சேர்வது 15 சென்ட் அளவுதான். அதிகம் பதப்படுத்தாத பொருளில் பங்கு கூடும், அது வேறு. கடை விலை 100, அதில் விவசாயிக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பாதிக்குப் பாதி கூட்டிக் கொடுத்தாலும் கடை விலை 107.50-தான் ஆக வேண்டும். 200 ஆவது ஏன்? சரக்கு கொஞ்சம் என்பதால் தனி வண்டி, தனிக் கிடங்கு, சான்றிதழ் செலவு, விற்காமல் அழுகியதன் விலை எல்லாம் சேர்கிறது. போதாததற்கு இடையில் இருக்கும் ஒவ்வொரு வியாபாரியின் கையும் தன் லாபத்தைச் சதவீதமாகப் போடுகிறது. விவசாயிக்கு 10 கூடினால், இரண்டு கைகள் ஆளுக்கு 30 சதவீதம் வைத்ததும் அது கிட்டத்தட்ட 17 ஆகிவிடும்.

அதனால் விலைச் சீட்டையும் சான்றிதழ் முத்திரையையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். இங்கேதான் சாப்பிடுகிறவர் கையில் நிஜமான பலம் இருக்கிறது.

பூக்கும் பருவத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பயறுச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவினால், சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. சிவப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ ஆகிவிட்டால் வேலை நின்றுவிட்டது. ஹேபரின் ஆலைக்கு 400 டிகிரிக்கு மேல் சூடும் கடும் அழுத்தமும் தேவைப்படும் காரியம், இங்கே சாதாரண மண்ணுக்குள் நடக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அந்தப் பயறை வாங்க ஆள் இல்லையென்றால் விவசாயி அதை விதைக்க மாட்டார். பயிர்ச்சுழற்சி என்று எல்லோரும் பேசுகிறோம். சுழற்சியில் வரும் ஒவ்வொரு பயிருக்கும் சந்தை இருந்தால்தான் அது சுழலும். ஒரு தானியத்தை மட்டும் இயற்கை முத்திரையோடு கேட்டுவிட்டு, மற்ற பருவங்களில் அதே நிலத்தில் விளைவதை நாம் தொடாமல் விட்டால், அந்தப் பருவங்களின் நஷ்டத்தையும் தானியத்தின் விலையில்தான் அவர் ஏற்ற வேண்டியிருக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த ஓர் ஆய்வு, இயற்கை முறையில் மகசூல் சராசரியாக 19 சதவீதம் குறைவு என்றது. கலப்புப் பயிரும் சுழற்சியும் நன்றாகச் செய்த இடங்களில் அந்த இடைவெளி 8, 9 சதவீதத்துக்கு இறங்கியது என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்த வித்தியாசத்தில் நம் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

இறைச்சி, பால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூர், நெமசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கில், உலக விவசாய நிலத்தில் 83 சதவீதம் விலங்குணவுக்குப் போகிறது. அதிலிருந்து வருவது நம் கலோரியில் 18, புரதத்தில் 37 சதவீதம். அந்த நிலத்தில் ஒரு பகுதி உழவுக்கே ஆகாத மேய்ச்சல் தரை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். யாரும் எதையும் விட்டொழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பயறு வந்தால் பல வீடுகளில் செலவும் குறையும்.

கேன்டீன் குழுவுக்கு நான் காட்டும் உதாரணம் டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். மழலையர் காப்பகம், முதியோர் இல்லம் என்று நூற்றுக்கணக்கான பொதுச் சமையலறைகளை அந்த நகரம் இயற்கை விளைபொருளுக்கு மாற்றியது. பங்கு 90 சதவீதத்தை நெருங்கியது. பொருள் வாங்கும் பட்ஜெட்டைக் கூட்டவில்லை. சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் பணம் செலவழித்தார்கள். இறைச்சியைக் குறைத்தார்கள், பருவத்தில் கிடைப்பதை வைத்துப் பட்டியல் போட்டார்கள், தயார்நிலைப் பொருளை விட்டுவிட்டு அங்கேயே சமைத்தார்கள், குப்பைக்குப் போவதைக் குறைத்தார்கள். விலை வித்தியாசம் அதிலேயே ஈடாகிவிட்டது.

நீங்களும் பட்ஜெட் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதலில் ஒரு மாதம், எந்தப் பதார்த்தம் எவ்வளவு வீணாகிறது என்று எடை போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மிச்சமாகக்கூடிய பணம் எவ்வளவு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அப்புறம் கொள்முதலுக்குப் போகும்போது, மாறும் காலத்தில் இருக்கும் இரண்டொரு விவசாயிகளைத் தேடிப் பிடித்து, இந்தப் பருவத்தில் இவ்வளவு அளவு, இந்த விலை, இவ்வளவு முன்பணம் என்று விதைப்புக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். சுழற்சியில் விளையும் பயறையும் அந்த ஒப்பந்தத்தில் சேருங்கள். சான்றிதழ் இன்னும் வரவில்லையே என்று குழுவில் யாராவது கேட்டால், வந்தபிறகு அவரைத் தேடிப் பலர் வருவார்கள், இப்போதுதான் ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்