வாசகர் கேள்வி பதில்: நீச்சல் கேலாவில் பெற்றோருக்கு என்ன வேலை?

கேலா (கிளப் நீச்சல் போட்டி) பருவம் தொடங்கிவிட்டது. பிள்ளையைக் குளத்தில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் கிளப் செயலாளர்கள் தேடிப் பிடிக்கும் காலம் இது. அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில்.

மகள் இந்த ஆண்டுதான் கிளப்பில் சேர்ந்தாள். அதற்குள் என்னை ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு நீந்தவே தெரியாது. தப்பாக அமுக்கிவிட்டால் என்ன ஆகும்? — வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

நீந்தத் தெரிய வேண்டாம் அம்மா. கண்ணும் ஒரு விரலும் கொஞ்சம் பொறுமையும் போதும். தயங்காமல் போங்கள். கேலாவில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நேரம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்போம். அந்த ஆள் குறைந்தால் போட்டியே நின்றுவிடும்.

முதலில் ரெஃபரியின் விசிலைப் பழகிக்கொள்ளுங்கள். குட்டிக் குட்டியாகப் பல விசில் வந்தால் பிள்ளைகள் தயாராகிறார்கள் என்று பொருள். உங்கள் ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட விசிலுக்கு மேடையில் ஏறுவார்கள். பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்துவது) முதல் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதற்குச் சுவரைப் பிடிக்க வருவார்கள். ரெஃபரி கையை நீட்டியதும் பொறுப்பு ஸ்டார்ட்டரிடம் (போட்டியைத் தொடங்கி வைப்பவர்) போய்விடும். அங்கிருந்து பேச்சு கூடாது, கண் ஸ்டார்ட்டர் பக்கத்து விளக்கில் இருக்க வேண்டும்.

விளக்கு மின்னியதும் அமுக்குங்கள், சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் போட்டி என்றால் தொடக்கம் எதிர்முனையில், முடிவு உங்கள் முனையில். சத்தம் வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 0.15 வினாடி போய்விடும். அந்த அளவுக்கு உங்கள் கடிகாரம் நேரத்தைக் குறைத்துக் காட்டும். பிள்ளைக்கு இல்லாத வேகம் கணக்கில் ஏறி, அடுத்த கேலாவில் தன் சொந்த நேரத்தையே எட்ட முடியாமல் அது தவிக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் டர்பன் பிள்ளை சாட் லெ க்ளோ, 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தியது 0.05 வினாடியில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலைவிட ஆள்காட்டி விரல் சுருக்காக இயங்கும். அதை பொத்தான் மேலேயே வைத்திருங்கள். பிள்ளைகள் குதித்ததும் கடிகாரம் ஓடுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். ஓடவில்லையா? உடனே கையைத் தூக்குங்கள். உதிரி நேரம் பார்ப்பவர் ஒவ்வொரு ஹீட்டுக்கும் (பிரிவு பிரிவாக நீந்தும் சுற்று) தன் கடிகாரத்தை ஓடவிட்டுத்தான் நிற்பார். அதைக் கொண்டுவந்து கொடுப்பார். இது தினமும் நடப்பதுதான். மறைத்துவிட்டு ஒரு எண்ணை ஊகித்து எழுதுவதுதான் தப்பு.

முடிவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சுவரிலிருந்து 5 மீட்டரில் குறுக்கே கட்டியிருக்கும் கொடிகளைப் பிள்ளை தாண்டும்போது நீங்கள் விளிம்பில் நின்று குனிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு கை வீச்சுக்குப் பிள்ளையைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். உடம்பின் எந்தப் பகுதி தொட்டாலும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். நனைவதற்குப் பயந்து இரண்டடி பின்னால் நிற்பவருக்குத் தொடுவது தெரியாது. தலை நிமிர்வதைப் பார்த்துத்தான் அமுக்குவார். மாற்றுச் சட்டையும் தண்ணீர் பட்டால் கெடாத செருப்பும் கொண்டுபோங்கள்.

எழுதிய பிறகும் ரெஃபரி சொல்லும்வரை கடிகாரத்தை அழிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அவர் திரும்பக் கேட்பார்.

எங்கள் லேனில் மூன்று கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டின. என்னுடையதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. — வாசகர், சாட்ஸ்வொர்த்

உங்களைக் குறை சொன்னதாக நினைக்காதீர்கள், விதி அப்படி. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறானால் நடுவிலிருப்பது. 34.12, 34.18, 34.31 என்றால் 34.18. ஒரு கடிகாரம் பழுதாகி 34.18, 34.30 மட்டும் இருந்தால் சராசரி, 34.24. பக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்து உங்களுடையதை ஒட்டி எழுதினால் இந்த ஏற்பாடே பாழ். உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுங்கள்.

என் ஒன்பது வயது மகன் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் முதலாவதாக வந்தும் டிஸ்குவாலிஃபை செய்துவிட்டார்கள். கை தூக்கியவர் இன்னொரு கிளப் பிள்ளையின் அப்பா. இது நியாயமா? — வாசகி, டொங்காட்

வருத்தம் புரிகிறது. ஆனால் திருப்பத்தில் நிற்கும் நடுவர் தகுதி நீக்கம் செய்வதில்லை. தான் கண்டதை எழுதிக் கொடுப்பார், முடிவு ரெஃபரியுடையது. இந்த வயதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தொடுகையில்தான். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும், திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் பரவாயில்லை; ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் தப்பு. அவசரத்தில் பிள்ளைகள் ஒரு கையால் தொட்டுத் திரும்பிவிடுவார்கள்.

என்ன காரணம் என்று பயிற்சியாளர் மூலம் கேளுங்கள்; சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. முறையீடு என்றால் அந்தப் போட்டி முடிந்த 30 நிமிடத்துக்குள், அணிப் பொறுப்பாளர் எழுத்தில் ரெஃபரியிடம் கொடுக்க வேண்டும். பெற்றோர் குளத்தங்கரைக்குப் போய் வாக்குவாதம் செய்தால் ஒன்றும் மாறாது, பையனுக்குத்தான் கூச்சம்.

நீங்களே நடுவராக நிற்க நேர்ந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். தெளிவாகக் கண்டால் மட்டும் கை தூக்குங்கள். "ஒரு கைதான் பட்டிருக்கும்" என்ற ஊகம் போதாது. சந்தேகத்தின் பலன் பிள்ளைக்கு.

மார்ஷல் வேலை சும்மா பேர் கூப்பிடுவதுதானே? — வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இல்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நேரத்துக்கு லேன் வரிசையில் உட்கார வைப்பது அன்றைய நாளின் கடினமான வேலைகளில் ஒன்று. இரண்டு ஹீட் முன்னதாகவே பெஞ்சில் இருக்க வேண்டும்; உட்காரும் முன் கழிப்பறை.

நம் ஊரில் வெறும் குடும்பப் பெயரைக் கூப்பிட்டால் குழப்பம்தான். ஒரே ஹீட்டில் இரண்டு நாயுடு, ஒரு கோவெந்தர், இரண்டு மூட்லி இருப்பார்கள். முதல் பெயர், கிளப், வயது மூன்றையும் சேர்த்துச் சரிபாருங்கள். போட்டி எண், ஹீட், லேன் ஆகியவற்றை முன்கையில் மார்க்கர் பேனாவால் எழுதுவது நல்ல வழக்கம். சன்ஸ்கிரீன் பூசுவதற்கு முன் எழுதுங்கள், பூசிய தோலில் மை ஒட்டாது. உடை மாற்றும் அறைக்குள் ஃபோனை வெளியே எடுக்கவே கூடாது, யாருக்கும் விதிவிலக்கில்லை.

புரட்டாசியில் கேலா வருகிறது. சாப்பாட்டுக் கடையை எங்கள் குழு நடத்துகிறது. பூரவோர்ஸ் (இறைச்சி சாசேஜ்) ரோல் இல்லாமல் முடியாது என்கிறார்கள். — வாசகி, சாட்ஸ்வொர்த்

இரண்டும் வைக்கலாம், மேசை இரண்டாக இருக்கட்டும். சைவ மேசைக்குத் தனி எண்ணெய், தனி இடுக்கி, தனி ஆள். கறி சமூசாவும் உருளைக்கிழங்கு சமூசாவும் ஒரே தட்டில் கலந்தால் விரதக்காரர் எதையும் தொடமாட்டார்கள், மிச்சமாகிவிடும். சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ்; டர்பன் வெயிலில் நடுவாந்தரம் ஆபத்து. நேரம் பார்ப்பவர்களுக்குத் தண்ணீரை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், எழுந்து வர முடியாது.

மதியம் இடி இடித்தால் எப்போது மறுபடி தொடங்கலாம்? — வாசகர், லெனேசியா

கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம். இடையில் மறுபடி இடித்தால் கணக்கு முதலிலிருந்து. குளத்திலிருந்து எல்லோரும் வெளியேறி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். மரத்தடி, கூடாரம், ஷவர் எதுவும் கூடாது. அந்தப் பக்கம் கோடை இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் என்பதால் சின்னப் பிள்ளைகளின் போட்டிகளைக் காலையிலேயே முடிக்கச் சொல்லிக் குழுவிடம் கேளுங்கள்.

எனக்குப் பார்வை மங்கல். பேத்திக்காக ஏதாவது செய்ய ஆசை. — ஒரு தாத்தா, டர்பன்

ஸ்டாப்வாட்ச் வேண்டாம் ஐயா. முடிவுத் தாள்களை லேனிலிருந்து பதிவு மேசைக்குக் கொண்டுபோகும் வேலையும் ஈரத் தரையில் நடப்பது, அதையும் இளையவர்களுக்கு விடுங்கள். பதக்க மேசை உங்களுக்குப் பொருந்தும். வயதுவாரியாகத் தனித்தனிப் பெட்டியில் பதக்கங்களை முந்தின நாளே பிரித்து வையுங்கள். ரெஃபரி கையெழுத்திட்ட முடிவுத் தாள் வராமல் ஒன்றையும் கொடுக்காதீர்கள். தகுதி நீக்கம் பின்னால் தெரியவந்து, கழுத்தில் போட்டதைத் திரும்ப வாங்குவது பிள்ளைக்குத் தாங்காது. செயலாளரிடம் இப்போதே சொல்லிவைத்தால் மேசையை நிழல் பக்கம் போடுவார்கள்.