கிளிஞ்சல், புழு, அசோலா: வீட்டுக் கோழிக்கு எதை, எப்போது, எவ்வளவு?

முட்டைக்கோழித் தீவனம்தான் போடுகிறோம். கிளிஞ்சல் தூளும் கலக்கிறோம். அப்படியும் கெட்டி ஓடில்லாத தோல் முட்டை வருகிறதே?

முதலில் அந்தத் தூளை மாற்றுங்கள். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில் நடக்கிறது. பகலில் தின்ற தூள் அதற்குள் குடலைத் தாண்டிவிடும். 2 முதல் 4 மி.மீ. அளவுள்ள துண்டுகள் என்றால், தின்றதை அரைக்கும் அரைவைப்பையில் தங்கி, விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பிற்பகலுக்கு மேல் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது. முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும்.

அடுத்து, நொறுக்குத் தீனி எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16% புரதமும் 4% கால்சியமும் உள்ள தீவனத்தில் அதற்கு 17.6 கிராம் புரதமும் 4.4 கிராம் கால்சியமும் கிடைக்கும். அதில் 40 கிராமுக்குப் பதில் மக்காச்சோளம் தின்றால் புரதம் 15 கிராமுக்குக் கீழே போகும், கால்சியம் 2.8 கிராமாகிவிடும். தினமும் முட்டையிடும் கோழிக்குச் சுமார் 4 கிராம் கால்சியம் தேவை. தானியம், மிச்சம் மீதி எல்லாம் சேர்த்து ஒரு கோழிக்கு 10 கிராம் போதும். அதையும் தீவனம் தின்ற பிறகே போடுங்கள்.

கடும் வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழியும் மெல்லிய ஓடுதான் போடும். மூச்சோடு கரியமில வாயு அதிகம் வெளியேறுவதால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. அப்போது கிளிஞ்சலைக் கூட்டிப் பயனில்லை. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, தீவனத்தை அதிகாலையிலும் அந்தியிலும் வையுங்கள். புதிதாக முட்டைக்கு வந்த கோழி முதலில் ஒன்றிரண்டு தோல் முட்டை போட்டால் கவலை வேண்டாம்.

குஞ்சும் தாயும் ஒரே கொட்டிலில். எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனமே போடலாமா?

வேண்டாம். முட்டைக்கு வராத குஞ்சுக்கு அந்தக் கால்சியம் மிக அதிகம், சிறுநீரகம் கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனம் போட்டு, பெரிய கோழிகளுக்குக் கிளிஞ்சலைத் தனியாக வையுங்கள்.

சொந்த முட்டை ஓட்டையே கொடுத்தால் முட்டை குடிக்கப் பழகிவிடும் என்கிறார்களே?

பாதி ஓடாக அப்படியே எறிந்தால் அந்த அபாயம் உண்டு. கழுவி, சட்டியில் நன்றாகக் காயும்வரை சூடாக்கி, ஓடு என்றே தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள். தூளாக்க வேண்டாம்.

இறகு கொட்டுகிறது, முட்டையும் நின்றுவிட்டது. என்ன சேர்க்கலாம்?

இறகில் 85 சதவீதத்துக்கும் மேல் புரதம். அது முளைத்து முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை 18 முதல் 20% புரதமுள்ள தீவனம் கொடுங்கள். உலர்ந்த கறுப்புப் படைவீரன் ஈப் புழு கிடைத்தால் நாளுக்கு 5 கிராம் சேர்க்கலாம். தெம்பு வரட்டும் என்று சோளத்தை அள்ளிப் போடுவதுதான் இந்தச் சமயத்தில் நடக்கும் பெரிய தவறு, கொழுப்புதான் ஏறும். முளைக்கும் இறகுக் குருத்துக்குள் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். கோழியை அடிக்கடி தூக்காதீர்கள்.

வெட்டிய புல்லைப் போட்டதிலிருந்து ஒரு கோழி சோர்ந்து நிற்கிறது.

விடியற்காலையில், எதுவும் தின்னும் முன், நெஞ்சுக்கு மேலே வலப்பக்கம் தடவிப் பாருங்கள். தின்றது முதலில் சேரும் தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. இரவு பந்துபோல் நிறைந்திருந்தாலும் காலையில் வற்றியிருக்க வேண்டும். பிசைந்த மாவுபோல் கெட்டியாக இருந்தால் புல் நார் பின்னி அடைத்திருக்கிறது. தண்ணீர்ப் பைபோல் தளதளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதிக்கிறது. இரண்டுக்குமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கவே பிதுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் ஏறினால் கோழி போய்விடும். இனி புல்லை 2 செ.மீ.க்கு மேல் நீளமில்லாமல் நறுக்குங்கள். புல்லோ முழுத் தானியமோ தின்னும் கோழிக்குக் கருங்கல் பொடிக்கல்லும் வேண்டும். கிளிஞ்சல் கரைந்துவிடும், அதனால் அது அரைக்க உதவாது.

சமையலறை மிச்சத்தில் எதைக் கொடுக்கவே கூடாது?

பூஞ்சை பிடித்த எதையும். அடுத்து வேகாத பயறு, பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, அவகாடோவின் தோல் கொட்டை, சாக்லேட், உப்பு மிகுந்த பண்டம். பூஞ்சைத் தானியத்தைக் கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியைப் போட்டால் தீவனத்தைப் பாதியாகக் குறைக்கலாமா?

முடியாது. அசோலாவின் புரதக் கணக்கு உலர்ந்த எடைக்கானது, பச்சையாக அது 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலாவில் ஒன்றரை கிராம் அளவு புரதம்தான் இருக்கும், 10 கிராம் தீவனத்திலேயே அது கிடைத்துவிடும். மஞ்சள்கரு நிறம் ஏறும், கோழிக்கும் பிடிக்கும், ஆகவே கொடுங்கள். ஆனால் சாணம் கரைத்த தண்ணீரில் வளர்த்தது என்றால் அந்த வாடை போக இரண்டு மூன்று முறை அலசி, தண்ணீரை வடித்து, தீவனத் தட்டு எப்போதும்போல் நிறைந்திருக்கும்போதே போடுங்கள்.