பட்டறைப் பதில்கள்: முதலில் புகையைச் சொல்லுங்கள், மீட்டரை அப்புறம் பார்ப்போம்

கேள்வி: என் டீசல் லாரிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. டீசல் பம்ப் பழைய மெக்கானிக்கல் வகை. லோடு ஏற்றினால் மேட்டில் இழுவையே இல்லை. நாலாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது மூன்றாவது கேட்கிறது. டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் முன்பு 1 பார் தொடும், இப்போது அரையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. டர்போவைப் புதிதாக மாற்றியும் அதே கதைதான். புகைகூட வருவதில்லை. மாற்றிய டர்போ போலியாக இருக்குமோ?

பதில்: போகிற போக்கில் ‘புகைகூட வருவதில்லை’ என்று எழுதிவிட்டீர்கள். அதுதான் உங்கள் வண்டியின் நாடி. டர்போவை வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் செலவு மிச்சம்.

டர்போ சும்மா சுற்றாது. இன்ஜினுக்குள் எரிந்து வெளியேறும் வாயுவின் சூடும் வேகமும்தான் அதைச் சுழற்றுகின்றன. டீசல் குறைவாகப் போனால் சூடு குறையும், சூடு குறைந்தால் டர்போ மந்தமாகும், மீட்டர் முள் பாதியில் நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு டர்போ குற்றவாளி. டீசல் சரியாகப் போய் காற்று மட்டும் குறைந்தால், பெரும்பாலும் சைலன்சர் கறுப்பாகக் கக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வண்டி கக்கவில்லை. அதனால் டீசல் பக்கம் போங்கள்.

முதலில் ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். பம்பில் உள்ள லீவர் கடைசி போல்ட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்தோ, காலடியில் ரப்பர் மேட் மடிந்து கிடந்தோ முழு மிதி பம்ப்வரை போகாமல் நிற்பதுண்டு. சிரிக்காதீர்கள், அந்த ரப்பர் மேட்டை மட்டும் எடுத்துப் போட்டே வண்டியை அனுப்பியிருக்கிறேன். அடுத்து டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இழுவை திரும்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். பம்புக்குள் போகும் லைனில் டீசலுக்குத் தாங்கும், உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற ஹோஸ் ஒரு முழம் மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது. அந்த இடத்தில் டீசல் வெளியே ஒழுக வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால், என் சந்தேகம் ஒரு மெல்லிய குழாய்மேல். பல பழைய டர்போ வண்டிகளில் இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்பின் தலையில் உள்ள வட்ட டப்பாவுக்கு விரல் பருமனில்கூட இல்லாத ஒரு குழாய் போகும். டப்பாவுக்குள் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு. பூஸ்ட் வந்து அதை அழுத்தினால்தான் பம்ப் கூடுதல் டீசலை விடும். குழாய் கீறியிருந்தால், பூஸ்ட் இல்லை என்று நம்பிப் பம்ப் கையைச் சுருக்கிக்கொள்ளும். டீசல் குறைய, பூஸ்டும் ஏறாது. புகையும் இராது.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு டீசலைப் பீய்ச்சும் நாசில் முழுவதையும் கழற்றிச் சோதித்து, டர்போவை இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். மூன்றாம் நாள் அந்தக் குழாயைத் துடைக்கும்போது கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு. குழாயை மடக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். நீங்கள் கழற்றி மடக்கிப் பாருங்கள். பிறகு டப்பாவின் வாயில் அளவுமானி உள்ள கைப்பம்பை மாட்டி, பழைய பூஸ்ட் அளவைத் தாண்டாமல் அழுத்தம் கொடுங்கள். முள் நிற்காமல் விழுந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. முழு லோடில் எவ்வளவு டீசல் போகலாம் என்று நிர்ணயிக்கும், பம்பின் ஃபுல் லோடு ஸ்க்ரூவை மட்டும் யார் சொன்னாலும் திருகாதீர்கள். நோய் இருந்த இடத்திலேயே இருக்கும், புகைதான் கூடும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. மேட்டில் கரும்புகை, ‘உஸ்ஸ்’ என்று சத்தம், பூஸ்ட் குறைவு. நிறுத்தி வைத்து ரேஸ் செய்தால் சத்தமே இல்லை.

பதில்: லோடு இல்லாமல் ரேஸ் செய்தால் பூஸ்ட் சரியாக ஏறாது, சத்தமும் வராது. ஏர் ஃபில்டரை முதலில் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்டுவரை ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவுங்கள், குறிப்பாக அடிப்பக்கம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கோடாக இருக்கும் இடம்தான் ஓட்டை. கிடைக்காவிட்டால், இன்ஜினை நிறுத்தி, டர்போவுக்குள் காற்று நுழையும் வாயை மூடி போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வழியாக மெதுவாகக் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். வழக்கமான பூஸ்ட் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், மூடிக்கு நேராக நிற்காதீர்கள். சைலன்சர் பக்கம் மெல்லக் காற்று போகும் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் வால்வு வழியாக அது போகத்தான் செய்யும். ஹோஸில் நுரை கட்டவில்லையென்றால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டைப் பாருங்கள். இன்ஜினிலிருந்து எரிந்து வரும் வாயு டர்போவுக்கு முன்னாலேயே கசிந்தாலும் இதே சத்தம்தான், ஆனால் அந்த இடத்தில் கரி படிந்திருக்கும்.