கேள்வி: வலி மிகுந்த கடந்த காலத்திலிருந்து மீண்டு வந்த ஒரு மருத்துவரைப் பற்றிய நல்ல படம் எது? மருத்துவம் படிக்கச் சேர்ந்திருக்கும் என் தங்கைக்குக் காட்டலாமா?

தயங்காமல் ஒரு படத்தைச் சொல்வேன்: ‘பேட்ச் ஆடம்ஸ்’. 1998 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளியானது. ராபின் வில்லியம்ஸ் நடித்து, டாம் ஷாட்யாக் இயக்கிய படம். ஹன்டர் ஆடம்ஸ் என்ற நிஜ மருத்துவரின் வாழ்க்கையை வைத்து எடுத்தது. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வலுக்கட்டாயமாக அழவைக்கிறது என்றார்கள். மக்களோ கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். விமர்சகர்கள் சொன்னதில் பாதி சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

கதையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ ஞாபகம் வரும். கட்டிப்பிடி வைத்தியம், விதிமுறையே பெரிது என்று நிற்கும் டீன், அவரோடு மல்லுக்கு நிற்கும் மாணவன் என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே வார்ப்புதான். அடிப்படையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ராஜா மருத்துவக் கல்லூரிக்குப் போவது பெற்றோருக்கு நேர்ந்த அவமானத்தால். ஆடம்ஸ் போவது, தானே நோயாளியாகப் படுத்திருந்து வந்த பிறகு. கட்டிலில் படுத்திருப்பவனுக்கு மேலே நின்று பேசுகிறவர்கள் எப்படித் தெரிவார்கள் என்பது அவருக்குத் தெரியும். படத்தின் பலமெல்லாம் அந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது.

படம் தொடங்கும்போது அவர் பனியில் போகும் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்து, அந்த எண்ணத்துக்குப் பயந்து, தானே போய் மனநல மருத்துவமனையில் சேர்கிறார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தானாகவே கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறார். ஊக்கம் தரும் காட்சி என்று பலரும், கடைசியில் மருத்துவ வாரியத்தின் முன் ஆடம்ஸ் நிற்கும் விசாரணையைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முழுப் படத்திலும் மிகத் துணிச்சலான செயல் அந்தக் கையெழுத்துதான்.

அங்கே அவருக்கு வாய்த்த மருத்துவர், இவர் மனம் திறந்து பேசும்போது காபியைக் கலக்குவதிலேயே கவனமாக இருக்கிறார். நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வைத்தியம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அறையில் உடனிருக்கும் ரூடிக்கு அணில்களைக் கண்டால் உயிர்போகும் பயம். இல்லாத அணில்களுக்குப் பயந்து, கட்டிலை விட்டு இறங்கிக் கழிவறைக்குப் போக முடியாமல் ராத்திரி முழுக்க நெளிகிறான். “அங்கே ஒன்றும் இல்லை, போய்விட்டு வா” என்று சொல்லிப் பார்த்தால் பலனில்லை. கடைசியில் ஆடம்ஸ் விரலைத் துப்பாக்கியாக நீட்டி, அவனோடு சேர்ந்து அணில்களைச் சுடத் தொடங்குகிறார். கட்டில்களைக் கவிழ்த்து அரண் கட்டி ஒரு போரே நடக்கிறது. ரூடி கழிவறைக்கு ஓடிவிடுகிறான். சின்ன வெற்றிதான். ஆனால் அன்று ராத்திரி ஆடம்ஸ் தன் துயரத்தை நினைக்கவே இல்லை. இன்னொருவருடைய பயத்துக்குள் இறங்கிப் போனபோது தன் வலி பின்னுக்குப் போனதை அவரே கண்டுகொள்கிறார்.

அதே வார்டில் ஆர்தர் மெண்டல்சன் என்ற முதியவர். பெரிய அறிவாளி. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நான்கு விரல்களைக் காட்டி “எத்தனை?” என்று கேட்பார். நான்கு என்றால் திட்டுவார். விரல்களைத் தாண்டிப் பார்த்தால் எட்டாகத் தெரியும், பிரச்சினையையே பார்த்துக்கொண்டிருந்தால் தீர்வு தெரியாது என்று பிறகு விளக்குவார். இந்தத் துணுக்கு வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. எனக்கு அதைவிட அதற்குச் சற்று முன்னால் நடப்பதுதான் முக்கியம். விடை கேட்கப் போன ஆடம்ஸ், பெரியவரின் காகிதக் கோப்பை ஒழுகுவதைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை ஒட்டி ஓட்டையை அடைக்கிறார். ‘பேட்ச்’ என்ற பெயர் அவருக்கு வந்ததே அப்போதுதான். மேசைமேல் ஒழுகிக்கொண்டிருந்த கோப்பை அதுவரை வேறு யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு வருடம் கழித்து மருத்துவக் கல்லூரி. டீன் வால்காட்டின் வரவேற்புரை ஞாபகத்தில் நிற்கும்: உங்களிடமிருந்து மனிதத் தன்மையைப் பயிற்சியால் அகற்றி, அதைவிட மேலான ஒன்றாக, மருத்துவர்களாக ஆக்குவோம் என்கிறார். மூன்றாம் ஆண்டுவரை மாணவர்கள் நோயாளிகளை நெருங்கக் கூடாது என்பது விதி. ஆடம்ஸ் திருட்டுத்தனமாக மூத்த மாணவர்களின் ரவுண்ட்ஸ் கூட்டத்தில் போய் நின்றுகொள்கிறார். கட்டிலில் ஒரு பெண்மணி. சர்க்கரை நோய், காலில் புண் அழுகிக்கொண்டிருக்கிறது. பேராசிரியர் அவர் முன்னாலேயே, அவர் அங்கு இல்லாததைப் போல, காலை எடுக்க நேரலாம் என்பதுவரை விவரிக்கிறார். மாணவர்கள் சந்தேகம் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. பின்வரிசையிலிருந்து ஆடம்ஸ் கேட்கிறார்: “அவங்க பேர் என்ன?” பேராசிரியர் தடுமாறி, கையிலிருக்கும் தாளைப் புரட்டிப் பார்த்து, மார்ஜரி என்கிறார். “வணக்கம் மார்ஜரி” என்று இவர் சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு.

என் அப்பா பல நாள் வார்டில் கிடந்தபோது இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ரவுண்ட்ஸில் வருகிறவர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று ‘இந்தக் கேஸ்’ என்றுதான் பேசுவார்கள். அப்பா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒரு பயிற்சி மருத்துவர் மட்டும், மற்றவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு ஒரு நிமிடம் பின்தங்கி, விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டு, “ராத்திரி தூங்குனீங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டுப் போவார். வீட்டிலிருந்து யார் வந்தாலும் அப்பா சொன்ன முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் அப்புறம்தான். படத்தைப் பார்த்துவிட்டு, இது சிரிப்பே சிறந்த மருந்து என்று சொல்ல வந்த படம் என்பவர்களை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். சிரிப்பு அதில் ஒரு வழி. சொல்ல வந்தது, எதிரே இருக்கும் மனிதரைப் பார் என்பதை. ஒருகாலத்தில் யாரும் தன்னைப் பார்க்காத வலி இருந்ததால்தான் ஆடம்ஸுக்கு அது இவ்வளவு அவசரமாகப் படுகிறது.

சிரிப்புக் காட்சிகளையும் விட்டுவிட வேண்டாம். எனிமா கொடுக்கும் ரப்பர் குமிழைச் சிவப்பு மூக்காக மாட்டிக்கொண்டு குழந்தைகள் வார்டில் அவர் செய்யும் கூத்து பலருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். ஆனால் அது வெறும் சினிமா இல்லை. நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸ் 1986லேயே மருத்துவமனைகளுக்குக் கோமாளிகளை அனுப்பத் தொடங்கியது. இத்தாலியில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 40 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2005இல் வெளியானது. கோமாளிகள் கூட இருந்த குழந்தைகளுக்கு, மயக்க மருந்து தரும் நேரத்துப் பதற்றம் கணிசமாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்கு நல்லதுதான் என்று ஒப்புக்கொண்ட ஊழியர்களிலேயே பெரும்பாலோர், அறுவை அரங்கின் வேலைக்கு இடைஞ்சல் என்று அதைத் தொடர வேண்டாம் என்றார்கள். டீன் வால்காட் வில்லனாகப் பிறந்தவர் இல்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது. நெருக்கடியான வேலை எவரையும் அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

இனி, படத்தில் எனக்கு மனத்தாங்கல் உள்ள பகுதி. ஆடம்ஸ் காரின் என்ற சக மாணவியைக் காதலிக்கிறார். அவள் சிறுவயதில் ஆண்களால் பட்ட துன்பத்தை அவரிடம் சொல்லி மனம் திறக்கும் நேரத்தில், உதவி கேட்டு வந்த ஒரு மனநோயாளியால் கொல்லப்படுகிறாள். ஆடம்ஸ் மலையுச்சியில் நின்று கடவுளோடு சண்டை போடுகிறார். பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சி வருகிறது. நிஜத்தில் அப்படியொரு காதலி இல்லை. கொலையுண்டது அவருடைய ஆண் நண்பர். ஒரு பெண் பாத்திரத்தைப் படைத்து, அவளுக்கு ஒரு காயத்தையும் கொடுத்து, நாயகன் அழுவதற்காக அவளைச் சாகடிப்பது எனக்கு உறுத்துகிறது. மனநோய் உள்ளவர் என்றாலே ஆபத்தானவர் என்ற எண்ணத்துக்கும் அது தீனி போடுகிறது. ரூடியை அவ்வளவு அன்போடு காட்டிய படம் இதைச் செய்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் மலையுச்சிக் காட்சியில் ஓர் உண்மை இருக்கிறது. மீண்டு வந்துவிட்டார், ஜெயித்துவிட்டார் என்று நாம் நம்பியிருக்கும்போது, பழைய எண்ணம் அதே பலத்தோடு திரும்பி வந்து நிற்கிறது. கடந்த கால வலி ஒருமுறை தாண்டிவிட்டால் முடிந்துபோகிற விஷயம் என்று படம் பொய் சொல்லவில்லை.

நிஜக் கதை படத்தைவிடக் கனமானது. ஆடம்ஸ் 1945இல் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி, கொரியப் போரில் இருந்தவர். மகன் பதின்வயதில் இருக்கும்போதே இறந்துபோனார். அதுவரை வெளிநாட்டில் இருந்த குடும்பம் அமெரிக்கா திரும்பியது. அங்கே வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்றிருந்த காலம். அந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல் எதிர்த்த பையனைச் சக மாணவர்கள் அடித்து உதைத்தார்கள். இப்படிப்பட்ட உலகத்தில் வாழ வேண்டாம் என்று தோன்றி, ஒரே வருடத்துக்குள் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பதினெட்டு வயதில்தான் சாவதற்குப் பதில் இந்த உலகத்தை மாற்ற முயல்வது என்ற முடிவுக்கு வந்தார். படம் 1969இல் நடுவயதுக்காரர் ஒருவர் மனநல வார்டில் சேர்வதாகத் தொடங்கும். நிஜ ஆடம்ஸோ 1971இல் வர்ஜீனியாவில் மருத்துவப் பட்டமே வாங்கிவிட்டார், இருபதுகளின் நடுவிலேயே. துவண்டு கிடந்த பதினெட்டு வயதுப் பையனுடைய கதையாக எடுத்திருந்தால் இளையவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

பட்டம் வாங்கிய கையோடு ‘கெசுந்தைட்’ என்ற அமைப்பைத் தொடங்கி, நண்பர்களோடு வாழ்ந்த வீட்டையே மருத்துவமனையாக்கினார். 12 ஆண்டுகளில் 15,000 பேருக்கு மேல் காசு வாங்காமல் பார்த்ததாகப் படத்தின் கடைசி எழுத்துகள் சொல்கின்றன. சிகிச்சையில் தவறு நேர்ந்தால் மருத்துவரைக் காப்பாற்றும் காப்பீடுகூட வைத்துக்கொள்ளவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் நிலம் வாங்கி, முழு இலவச மருத்துவமனை கட்டுவது அவர் கனவு. படம் வந்தால் அதற்குப் பணம் சேரும் என்று நம்பினார். சேரவில்லை. தன்னை வெறும் வேடிக்கை காட்டும் டாக்டராகச் சுருக்கிவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் முற்றிலும் நியாயம். காசில்லாதவனுக்கும் வைத்தியம் வேண்டும் என்ற அவருடைய அரசியலைப் படம் ஓரிரு வசனங்களில் கடந்துவிடுகிறது. 2014இல் ராபின் வில்லியம்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அதே ஆடம்ஸ் அவரைப் பற்றி நன்றியோடும் அன்போடும் இரங்கல் எழுதினார்.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். காட்டுங்கள், ஆனால் தனியாகப் பார்க்கவிடாமல் நீங்களும் கூட உட்காருங்கள். தொடக்கமும் மலையுச்சிக் காட்சியும் தற்கொலை எண்ணத்தை நேராகத் தொடுகின்றன. புதிதாக விடுதிக்குப் போய், படிப்புச் சுமையில் திணறும் நேரமாக இருந்தால், பார்த்து முடித்ததும் பேச ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஓர் எண்ணம் தனக்கு இருப்பதாக அவர் சொன்னால், படத்தை விட்டுவிட்டு உடனே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கதாநாயகன் முதல் காட்சியில் செய்வதும் அதைத்தான்.

இன்னொன்று. ஆடம்ஸின் அறைத்தோழன் மிட்ச் என்று ஒருவன் வருவான், பிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்தது. ராப்பகலாகப் படிப்பவன். விளையாட்டாகத் திரியும் ஆடம்ஸ் எப்படி முதல் மதிப்பெண் வாங்குகிறான் என்று பொருமுவான். காப்பி அடித்திருப்பான் என்றுகூடச் சந்தேகப்படுவான். பிற்பாடு அதே மிட்ச் ஒருநாள் ஆடம்ஸிடம் வந்து நிற்பான். ஒரு பாட்டி சாப்பிட மறுக்கிறார். தனக்கு எல்லாப் பாடமும் தெரியும், யாரைவிடவும் சரியாக நோயைச் சொல்லிவிட முடியும், அவரை ஒரு வாய் சாப்பிட வைக்க மட்டும் தெரியவில்லை என்பான். ஹாஃப்மன் அதை அழாமல், குரலை உயர்த்தாமல் சொல்வார். உங்கள் தங்கை நன்றாகப் படிக்கிற பெண்ணாக இருந்தால், அவர் தன்னைப் பார்க்கப்போவது ஆடம்ஸிடம் இல்லை, மிட்சிடம்தான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்டுப் பாருங்கள்.